சொக்க வைக்கும் பெயர்கள்: வாசகர் கேள்வி – பதில்

அழகு, இனிமை, வசீகரம் என்று பொருள்படும் பெயர்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பிறமொழிப் பெயர்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். நம் எழுத்துக்குள் அடங்காத ஒலிகளை அந்தந்த இடத்திலேயே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: பெண் குழந்தைக்கு 'சார்ம்' என்று பொருள் வருகிற பெயராகத் தேடுகிறோம். ஷர்மிளா, சார்மியன் இரண்டுக்கும் இணையத்தில் 'வசீகரமானவள்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே ஒலி ஒன்றாக இருப்பதால் ஒட்டிக்கொண்ட பொருள். இந்தி, உருதில் 'ஷர்ம்' என்றால் வெட்கம். 'ஷர்மீலா' கூச்ச சுபாவத்தைச் சொல்லும் சொல். வங்காளத்தில் வழங்கும் ஷர்மிளாவை வடமொழிச் 'சர்மன்' என்ற சொல்லோடு இணைப்பார்கள். அதற்கு நலம், அடைக்கலம் என்று பொருள். எந்த வழியில் போனாலும் வசீகரம் வராது. சார்மியன் என்பது கிளியோபாத்ராவின் பணிப்பெண் பெயர். அதன் கிரேக்க வேருக்கு மகிழ்ச்சி என்று பொருள்.

ஆங்கிலச் 'சார்ம்' லத்தீன் 'கார்மென்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பாட்டு, மந்திர உச்சாடனம் இரண்டையும் அது குறிக்கும். உடனே கார்மென் என்று வைத்துவிடாதீர்கள்! ஸ்பானியப் பெண் பெயரான கார்மென், கர்மேல் மலை மாதாவின் பெயரிலிருந்து வந்தது. எபிரேயத்தில் அந்த மலைப் பெயருக்குத் தோட்டம் என்று பொருள்.

வசீகரம் என்றே நேராகப் பொருள்படும் பெயர்கள் இருக்கின்றன. வியட்நாமில் 'துயென்' என்று எழுத்துக்கூட்டும் பெண் பெயர் ஒன்று. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகிற குணத்துக்கு அங்கே அதுதான் சொல். விதி கூட்டிவைத்த உறவு என்ற பொருளும் உண்டு. எழுத்தில் 'டி' இருந்தாலும் வடக்கே 'ஸுயென்' என்றும் தெற்கே 'யுயென்' என்றும்தான் உச்சரிப்பார்கள். பின்லாந்தில் 'சுலோ' என்றால் வசீகரம், இனிமை. ஆனால் அது ஆண் பெயர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்வாக்காக இருந்தது. கிரேக்கத்தில் 'காரிஸ்'. அக்லாயா, யூஃப்ரோசினி, தாலியா என்ற மூன்று தேவியரைக் கூட்டாகக் குறிக்கும் பெயரும் இதே சொல்லின் பன்மைதான். கிறிஸ்தவ வழக்கில் காரிஸுக்கு இறையருள் என்ற பொருள் ஏறிவிட்டதால், இன்று அந்தப் பெயரைக் கேட்கிற பலருக்குக் 'கிருபா'தான் நினைவுக்கு வரும்.

தமிழில்? 'சொக்கு' இருக்கிறதே. சொக்கிப்போதல் என்று தினமும் சொல்கிறோம், பெயராக மட்டும் மறந்துவிட்டோம். சொக்கன், சொக்கலிங்கம், சொக்கநாதன், சொக்கம்மாள் எல்லாம் இந்த வேர்தான். சொக்கம்மாளை இன்றைய பிள்ளைகள் ஏற்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனாலும் 'சார்ம்' என்ற சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமான தமிழ்ப் பெயர் வேறு இல்லை.

கேள்வி: மனோகர் என்றால் 'மனதைத் திருடுபவன்' என்கிறார்கள். திருட்டைப் பெயராக வைக்கலாமா? என் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

பதில்: மனஸ், ஹர என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது மனோகர். 'ஹர' என்றால் பறித்துக்கொண்டு போகிற என்று பொருள். ஆகவே அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் இது ஏதோ ஒரு மொழியின் விபரீதம் இல்லை. பாரசீகத்தில் 'தில்' என்றால் உள்ளம், 'ருபா' என்றால் பறிக்கிற. தில்ருபா அப்படியே மனோகரியின் மறுபதிப்பு. வில்போட்டு வாசிக்கும் நரம்பு வாத்தியம் ஒன்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. கள்ளழகர் என்று பெருமாளையே அழைக்கிறோம். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

யோசிக்க வேண்டிய பெயர்கள் வேறு. மோகன், மோகனா, மோகினி மூன்றும் 'மயங்கு, குழம்பு' என்ற பொருளுள்ள 'முஹ்' என்ற வடமொழி வேரில் பிறந்தவை. மோகனும் மோகனாவும் நெடுங்காலம் புழங்கி அந்த நிழலை உதறிவிட்டன. மோகினிக்குப் பிசாசு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குழந்தை படும் பாட்டை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வசீகரனில் உள்ள 'வசீ' என்பது வசப்படுத்துதல், பிறரைத் தன் கைக்குள் கொண்டுவருதல்.

அரபியிலும் இதே கதை. 'ஃபாத்தின்' என்றால் மனதைக் கவர்பவர். எகிப்திய நடிகை ஃபாத்தின் ஹமாமாவால் (1931–2015) அரபு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அதே வேரில்தான் சோதனை, கலகம் என்று பொருள்படும் 'ஃபித்னா'வும் வருகிறது. அரபியில் 'த'கர ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு: ஒன்று மெல்லியது, இன்னொன்று நாக்கை அழுத்திச் சொல்வது. அழுத்தமான எழுத்தில் எழுதும் 'ஃபத்தீன்' கூர்மதியைக் குறிக்கும். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. பெயர் வைக்கும்போதே அரபி எழுத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

திருட்டும் மயக்கமும் இல்லாமல் இனிமை மட்டும் வேண்டுமானால் 'ரம்' என்ற வேரைப் பிடியுங்கள். அது மகிழ்தல், இன்புறுதல் என்ற பொருளுள்ளது. ரம்யா, அபிராமி, ரமணன், மனோரமா எல்லாம் அதில் அடக்கம். மஞ்சுளாவும் சாருமதியும் சிக்கலில்லாதவை. லலிதாவின் வேருக்கு விளையாடுதல் என்று பொருள். அந்தத் துள்ளலும் நளினமும்தான் அங்கே அழகு.

கேள்வி: லாவண்யா என்ற பெயருக்கு உப்பு என்று பொருளாமே, உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை, பாதிக்கு மேல் உண்மை. 'லவணம்' என்றால் உப்பு. 'லாவண்யம்' அதிலிருந்து பிறந்த பண்புப்பெயர்: உப்பின் தன்மை, அதாவது சுவையைத் தூக்கி நிறுத்தும் அந்த ஏதோ ஒன்று. மூக்கு, விழி, நிறம் என்று உறுப்புக்குறி சொல்லிக் காட்ட முடியாத களையைத்தான் வடமொழிக் கவிதை லாவண்யம் என்றது. ரூபமும் லாவண்யமும் ஒன்றல்ல. ரூபம் வடிவம். லாவண்யம் வடிவத்தின் மேல் ஓடுகிற ஒளி.

இந்தச் சிந்தனை ஒரு மொழியோடு நின்றுவிடவில்லை. அரபியில் உப்புக்கு 'மில்ஹ்'. அதே மூன்று மெய்களில் பிறந்த 'மலீஹ்', 'மலீஹா' இரண்டுக்கும் அழகான, களையான என்று பொருள். பாரசீகத்திலும் உருதிலும் 'நமக்கீன்' என்பது உப்பிட்ட தின்பண்டத்துக்கும் சொல்லப்படும், களையான முகத்துக்கும் சொல்லப்படும். லத்தீனில் உப்பைக் குறிக்கும் 'சால்' நகைச்சுவைத் திறமைக்கும் பெயர். ஆக, லாவண்யாவை 'உப்பு' என்று கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நான்கு மொழிகள் துணைக்கு வரும்.

மலீஹா வைக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'மலிகா' என்பது ராணி. 'மலீஹா' என்பது களையானவள். நடு உயிரின் நீளமும் கடைசி மெய்யும்தான் வித்தியாசம். தமிழர் நாக்கில் அந்த 'ஹ' எளிதில் தேய்ந்து மலியா, மலிகா என்றாகிவிடும். ஆங்கில எழுத்தில் 'எச்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜமால், ஜமீலா, ஹஸ்னா, ஹுஸ்னா, ஸரீஃபா – இவை எல்லாமே 'அழகு' தானா?

பதில்: குடும்பம் ஒன்று, ஆட்கள் வேறு. ஜமால் என்றால் அழகு, ஜமீல் அழகன், ஜமீலா அழகி. ஜமாலில் உள்ள நெடில் மிக முக்கியம். 'ஜமல்' என்று குறுக்கினால் அரபியில் ஒட்டகம்! ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவார்கள். தமிழில் கால் போட்டு எழுத முடிகிறது. அந்த வசதியை விட்டுவிடாதீர்கள். துருக்கியில் இதே ஜமீலா 'ஜெமிலே' ஆகும். அங்கே 'சி' எழுத்துக்கு 'ஜ' ஒலி என்பதால் சான்றிதழில் பார்த்துவிட்டுச் 'செமிலே' என்று படிப்பவர்கள் உண்டு.

ஹஸ்னா அழகி. ஹுஸ்னா 'மிகச் சிறந்த, மிக அழகிய' என்ற உச்சநிலைச் சொல். ஹஸன் அழகன், நல்லவன். ஹுசைன் அதன் செல்ல வடிவம். வஸீம் என்றால் முகவெட்டுள்ளவன்.

ஸரீஃபா தனி. உடல் அழகைவிடப் பேச்சிலும் நடையிலும் உள்ள நயத்தைச் சொல்வது அது. சாமர்த்தியமும் நாசூக்கும் சேர்ந்த ஆளைத்தான் அரபியில் 'ஸரீஃப்' என்பார்கள். அந்த முதல் எழுத்து தமிழில் இல்லாத அழுத்த ஒலி. 'ஸ' போட்டு எழுதினால் படிப்பவர் 'ஷரீஃபா' என்று திருத்திவிடுவார். அதற்குக் கண்ணியமானவள், உயர்குலத்தாள் என்று பொருள். அதுவும் நல்ல பெயர்தான், நீங்கள் வைத்த பெயர் இல்லை, அவ்வளவே.

கேள்வி: இசபெல்லா என்றால் அழகி தானே? 'பெல்லா' இருக்கிறதே.

பதில்: இல்லை. இசபெல்லா, எலிசபெத்தின் திரிந்த வடிவம். எபிரேய 'எலிஷேபா'வுக்கு 'கடவுள் என் ஆணை' என்பது போன்ற பொருள். ஸ்பெயின், தென் பிரான்ஸ் பக்கங்களில் முதல் அசை உதிர்ந்து, வால் மாறி, இத்தாலிய 'பெல்லா' போல ஆகிவிட்டது. மிராபெல்லும் அப்படியே: அது 'வியக்கத்தக்க' என்ற பொருளுள்ள லத்தீன் 'மிராபிலிஸ்'. மேபல் மட்டும் நம் பட்டியலுக்கு நெருங்கி வருகிறது. 'அன்பு செலுத்தத்தக்க' என்ற 'அமாபிலிஸ்' அமாபெல் ஆகி, முன்னெழுத்து உதிர்ந்து மேபல் ஆனது.

லிண்டாவைப் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். ஸ்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் 'லிண்டா' என்றால் அழகி என்பது சரி. ஆனால் பெயர் பிறந்தது அங்கே அல்ல. -லிண்ட் என்று முடியும் பழைய ஜெர்மானியப் பெயர்களின் சுருக்கமாகத்தான் அது எழுந்தது. பின்னால் ஸ்பானியப் பொருள் வந்து அமர்ந்துகொண்டது. அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான். இன்று அங்கே கேட்டால் பாட்டிமார் பெயர் என்பார்கள்.

கேள்வி: பேரனுக்குக் கவின் என்று வைத்தோம். 'கெவின் என்ற வெள்ளைக்காரப் பெயரைத் தமிழாக்கிவிட்டீர்களா' என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: குறள் 1235-ஐக் காட்டுங்கள். 'தொல்கவின் வாடிய தோள்' என்று அங்கே இருக்கிறது. கவின் என்றால் அழகு, கலப்பில்லாத தமிழ்ச்சொல்.

வேடிக்கை என்னவென்றால், கெவினும் அழகுப் பெயர்தான். அயர்லாந்து மொழியில் அதன் மூல வடிவத்தைக் 'கீவீன்' அல்லது 'க்வீவீன்' என்று சொல்வார்கள். முதல் பாதிக்கு அழகிய, இனிய, அன்பான என்றும், பின்பாதிக்குப் பிறப்பு என்றும் பொருள். கிளெண்டலாக் மடத்தை நிறுவிய துறவியின் பெயர் அது. அதே முதல் பாதியில் பிறந்த பெண் பெயர் 'கீவா'. அதை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஏழு எழுத்து நீளம்: சி, ஏ, ஓ, ஐ, எம், எச், ஈ. ஐரிஷில் 'எம்'முக்குப் பின் 'எச்' வந்தால் 'வ' ஒலி என்பது தெரியாதவர்கள் 'காய்ம்ஹே' என்று திணறுவார்கள்.

கவினுக்கும் கெவினுக்கும் ஒலியும் பொருளும் ஒத்திருப்பது தற்செயல். இதை வைத்துத் தமிழரும் ஐரிஷ்காரரும் உறவு என்று கட்டுரை எழுதக் கிளம்ப வேண்டாம். 'கேவின்' என்று ஜி-யில் தொடங்கும் ஆங்கிலப் பெயர் முற்றிலும் வேறு, அதற்கு இந்தப் பொருள் கிடையாது. ஆகவே பேரன் பெயரை எழுதும்போது 'கே, ஏ, வி, ஐ, என்' என்ற ஒழுங்கை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழிலி என்று மகளுக்குப் பெயர் வைக்க ஆசை. 'எழில் உடையவள்' என்பதுதானே பொருள்?

பதில்: எழிலி என்றால் மேகம். குறள் 17-இல் 'தடிந்தெழிலி தான்நல்கா தாகி விடின்' என்று வருவது மழை தர வேண்டிய மேகத்தைத்தான். மேகம் அழகில்லையா என்று கேட்டால் தாராளமாக வையுங்கள், அருமையான பெயர். பொருள் கேட்கும்போது தெரிந்து சொல்லுங்கள், அவ்வளவுதான். எழில் உடையவள்தான் வேண்டுமென்றால் எழில், எழிலரசி, எழில்மதி இருக்கின்றன. மஞ்சு இன்னும் சுவாரசியம்: தமிழில் மேகம், பனி, அழகு மூன்றையும் குறிக்கும்; வடமொழி 'மஞ்சு'வுக்கு இனிய, அழகிய என்று பொருள். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டமில்லை.

அழகுக்குத் தமிழில் சொற்பஞ்சமே கிடையாது. 'முருகு' இளமை, மணம், அழகு மூன்றும் சேர்ந்தது. முருகன் அதிலிருந்து வந்த பெயர். 'வடிவு' ஈழத்தமிழில் இன்றும் அன்றாடச் சொல், 'வடிவாயிருக்கு' என்றால் அழகாக இருக்கிறது. வடிவுக்கரசி என்பது 'வடிவுக்கு அரசி' என்பதன் புணர்ச்சி. 'க்'கை விட்டுவிட்டு 'வடிவுகரசி' என்று படிவத்தில் எழுதும் தவறு மிகவும் சாதாரணம்.

எழில் வைப்பவர்களுக்கு 'ழ' ஒரு தலைவலி. 'இசட், எச்' போட்டு எழுதினால் பிறமொழிக்காரர் 'எஸ்ஹில்' என்பார். 'எல்' போட்டால் 'எலில்' ஆகும், தமிழரே தடுமாறுவார்கள். எங்கள் கருத்து: 'இசட், எச்' என்றே எழுதுங்கள். தமிழ்ப் பெயர் என்று அடையாளம் காட்டுவது அந்த இணைதான். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருந்தால் போதும், உச்சரிப்பைச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் ஒவ்வொன்றும் 44 இடம். முதல் வரியில் 5 இடம் ஆவணக்குறிக்கும் நாட்டுக்குறிக்கும் போக, பெயருக்கு மிஞ்சுவது 39. பெயர்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் கணக்கில் சேரும். வடிவுக்கரசி ஆங்கிலத்தில் 13 எழுத்து. தனியாக நின்றால் பிரச்சினையில்லை. தந்தை பெயர், பாட்டன் பெயர், ஊர்ப்பெயர் என்று அடுக்கும்போதுதான் கடைசிப் பெயர் அறுபடும். அந்த வரியில் தலைக்குறிகளும் வராது. துருக்கியரும் தாதாரும் வைக்கும் 'குஸெல்' (அழகி) போன்ற பெயரில் மேலே இரு புள்ளி உள்ள 'யு', அங்கே 'யு, இ' என்று இரண்டெழுத்தாக விரியலாம். விமானச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து எழுதுவது பத்திரம்.

கேள்வி: நவோமி எபிரேயப் பெயரா, ஜப்பானியப் பெயரா? எங்கள் வேதாகமத்தில் 'நகோமி' என்று இருக்கிறதே?

பதில்: இரண்டும்தான், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். எபிரேயத்தில் இனிமை என்று பொருள். ரூத்தின் மாமியாரான அவள், கணவனையும் பிள்ளைகளையும் இழந்து ஊர் திரும்பியபோது, 'என்னை நகோமி என்று சொல்லாதீர்கள், மாராள் என்று சொல்லுங்கள்' என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. பெயரின் பொருள் தெரிந்தால்தான் அந்த வரியின் வலி புரியும். தமிழில் 'க' வந்தது தொண்டையின் அடியிலிருந்து எழும் ஓர் எபிரேய எழுத்துக்காக. பாகால், நாகமான் போன்றவற்றிலும் அதே 'க'வைப் பார்க்கலாம். நாகமானும் இதே வேர், இனிமையானவன்.

ஜப்பானிய நவோமி எழுத்தைப் பொறுத்தது. 'நேர்மை', 'அழகு' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதினால் பெண் பெயர், நம் பட்டியலில் சேரும். ஆனால் 1978-இல் தனியாளாக வட துருவத்தை அடைந்த உவேமுரா நவோமி ஓர் ஆண்! அவர் பெயரின் இரண்டாம் எழுத்து 'தான்' என்று பொருள்படும் வேறொன்று. ஜப்பானியப் பெயருக்கு வெறும் ஒலியை வைத்துப் பொருள் சொல்கிற பட்டியலை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

சீனத்தில் எழுத்தோடு தொனியும் சேர்ந்துகொள்ளும். 'மெய்' என்பதை இறங்கி ஏறும் மூன்றாம் தொனியில் சொன்னால் அழகு. ஏறும் இரண்டாம் தொனியில் ஒரு பூமரம். விழும் நான்காம் தொனியில் தங்கை. 'லீ'யோ தொனியாலும் பிரியாது. அழகுக்கும் வலிமைக்கும் அதே நான்காம் தொனிதான், எழுத்தைப் பார்த்தால் மட்டுமே தெரியும். வியட்நாமில் 'மீ' அழகு, அமெரிக்காவுக்கும் அதே சொல். 'லே' அழகு, கண்ணீருக்கும் அதே ஒலி. அதனால் அங்கே இந்தச் சொற்களைப் பெரும்பாலும் தனியாக விடாமல் இன்னொரு சொல்லோடு இணைத்தே பெயராக்குவார்கள். கொரியாவில் 'அரும்' கொஞ்சம் நிம்மதி தரும்: சீன எழுத்தை நம்பாத தூய கொரியச் சொல், பெயராக வரும்போது அழகு என்று பொருள். உச்சரிப்பில் 'ரு' நம் குற்றியலுகரம் போல இதழ் குவியாமல் வர வேண்டும்.

கேள்வி: ஸூரி, நானி என்று இரண்டு குட்டிப் பெயர்கள் கண்ணில் பட்டன. வைக்கலாமா?

பதில்: நானி ஹவாய் மொழியில் அழகு. இந்தியில் அம்மாவைப் பெற்ற பாட்டி. வட இந்தியரோடு பழகும் குழந்தையானால் தொட்டிலிலேயே பாட்டியாகிவிடும்.

ஸூரி சுவாஹிலியின் '-ஸூரி', அதாவது நல்ல, அழகான. ஆனால் அந்த மொழியில் அது தனியே நிற்காது. ஆளைச் சொன்னால் 'ம்ஸூரி', பொருளைச் சொன்னால் வேறு முன்னொட்டு. வெறும் ஸூரி பெயராகப் பரவியது பெரும்பாலும் அமெரிக்காவில்தான். ஆப்பிரிக்க மண்ணில் புழங்கும் பெயரே வேண்டும் என்றால் ஜூலு மொழியின் 'பூஹ்லே' (அழகு), ஷோனாவின் 'ருனாகோ' (அழகு), அம்ஹாரிக்கின் 'கோன்ஜித்' (அழகி), இக்போவின் 'சியாமாகா' (கடவுள் அழகானவர்) பாருங்கள். சியாமாகாவை 'அமாகா' என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: ஆண்களுக்கு அழகுப் பெயர் வைப்பது கொஞ்சம் பெண்மையாகத் தோன்றாதா?

பதில்: சுந்தரம், அழகன், நம்பி, கவின், ஹஸன், ஜமீல், வஸீம் எல்லாம் யார் பெயர்கள்? ஸ்காட்லாந்துக் கென்னத், அங்குள்ள கேலிக் மொழியில் 'அழகன்' என்ற பொருளுள்ள பெயரின் ஆங்கில உருவம். ஜாவாவில் 'பாகுஸ்' ஆணுக்கு, 'ஆயு' பெண்ணுக்கு. பல்கேரியாவில் கிராசிமிர், 'கிராசா' என்றால் அழகு. ஆண்டனியோடும் ஆக்டேவியனோடும் கி.மு. 43-இல் ரோமை ஆண்ட மூவரில் ஒருவரின் குடும்பப் பெயர் லெபிடஸ். இனிய, நயமான என்று பொருள். மெக்சிகோ அதிபராக இருந்த வெனுஸ்தியானோ கரன்சாவின் பெயரில் இருப்பது வசீகரத்துக்கான லத்தீன் சொல்லேதான். தயங்காமல் வையுங்கள்.

ரமணி என்ற பெயர் மட்டும் குழப்பம் தரும். வடமொழியில் அது அழகிய பெண்ணைக் குறிக்கும் சொல். ஆண்களுக்கு வழங்கும் ரமணி, ரமணன், வெங்கடரமணன் போன்றவற்றைச் சுருக்கியது.

கேள்வி: பெயர்ப் பட்டியல்களில் தவறு இவ்வளவு என்றால், சரிபார்ப்பது எப்படி?

பதில்: முதலில் அது எந்த மொழிப் பெயர் என்று ஒரே ஒரு மொழியைச் சொல்ல முடிகிறதா பாருங்கள். 'அரபி / கிரேக்கம் / இந்தியா' என்று மூன்றும் போட்டிருந்தால் எழுதியவருக்கே தெரியாது. பிறகு அந்த மொழியின் சொந்த எழுத்தில் பெயரைக் கண்டுபிடித்து, பெயர்ப் பட்டியலில் அல்ல, அகராதியில் தேடுங்கள். ஜமலும் ஜமாலும் அங்கேதான் பிரியும். தமிழ்ச் சொல்லானால் எழிலி போன்ற சிக்கலை எந்தப் பேரகராதியும் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும்.

அகராதியில் சொல் இருந்தால் மட்டும் போதாது. ஸூரி போல, சொல்லாக இருந்தும் அந்த ஊரில் பெயராகப் புழங்காதவை உண்டு. அந்தப் பெயருள்ள நாலைந்து பேரைச் செய்திகளில் தேடிப் பாருங்கள். ஆணா பெண்ணா, எந்தத் தலைமுறை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அந்த மொழிக்காரர் வாயால் ஒருமுறை கேட்டு, கேட்டபடி தமிழில் எழுதி வையுங்கள். கடைசியாக, குழந்தை வளரப்போகும் இடத்தில் புழங்கும் மற்ற மொழிகளில் அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று விசாரியுங்கள். நானி அங்கேதான் மாட்டும். இனிஷியலோடு சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்ப்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மிலன் – ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?

பதில்: இத்தாலிய நகரின் பழைய பெயர் மெடியோலானம், அதற்கும் ஆள் பெயருக்கும் தொடர்பில்லை. செக், செர்பிய மொழிகளில் 'மில்' என்றால் அன்பான, இனிய. அதில் பிறந்த ஆண் பெயர் மிலன், பெண்ணுக்கு மிலேனா, மிலா. இந்தியில் மிலன் என்றால் சந்திப்பு, கூடல். பெண் குழந்தையானால் மிலா என்று வையுங்கள், எங்கேயும் தகராறு வராது.